பெற்றோர் ஒதுக்கிய கிளிக்குஞ்சு: அறிகுறியைப் பார்த்து வழி தேடுவது

குஞ்சைக் கையில் எடுத்ததும் எல்லோரும் கேட்பது “என்ன ஊட்டுவது?” என்றுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் சூடு, அடுத்து நீர்ச்சத்து, அதற்கப்புறம்தான் தீனி. இறகு முளைக்காத குஞ்சால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடல் குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது. அப்போது ஊட்டியது எவ்வளவு உயர்ந்த உணவாக இருந்தாலும் தீனிப்பையிலேயே (கழுத்தடியில் உணவு தங்கும் பை) தங்கிப் புளித்துவிடும். கீழே உள்ளவற்றில் உங்கள் குஞ்சுக்குப் பொருந்துவதை நேராகப் போய்ப் படிக்கலாம். ஆனால் எதைப் படித்தாலும் முதலில் ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்துவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, குஞ்சு இருக்கும் இடத்துக்கு ஒரு தெர்மாமீட்டர், உணவுக்குத் தனியாக இன்னொன்று, குஞ்சுக்கு ஒன்றாகச் சிரிஞ்சுகள், கிளிக்குஞ்சுகளுக்கென்றே விற்கும் ஹேண்ட் ஃபீடிங் மாவு (நீரில் கரைத்துக் கையால் ஊட்டுவது), ஒரு நோட்டு. பசும்பால் வேண்டாம்; பறவைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது. பாலில் நனைத்த ரொட்டியும் அப்படித்தான். குழந்தைகளுக்கான சத்துமாவு ஒரு வேளைக்குப் பசியை அடக்கலாம், ஆனால் கிளி வளரத் தேவையான புரதமும் கால்சியமும் அதில் இல்லை.

பெட்டியில் குஞ்சு ஓரமாகக் கிடக்கிறது. எடுப்பதா, விடுவதா?

தாய் வெளியே உட்கார்ந்திருப்பதை வைத்து மட்டும் ஒதுக்கிவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். பொரித்த முதல் சில மணி நேரம் தீனிப்பை காலியாக இருப்பதும் இயல்புதான். பொரிக்கும் முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே அதுவரை தாங்கும். முதல்முறை குஞ்சு பொரிக்கும் ஜோடிகள் தாமதமாகத்தான் ஊட்டத் தொடங்கும்.

குஞ்சைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்து, தீனிப்பையில் கொஞ்சமாவது உணவு தெரிந்தால் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். தொட்டால் சில்லென்று இருக்கிறது, கழுத்தடியில் தோல் சுருங்கி ஒட்டியிருக்கிறது, கூடப்பிறந்தவற்றின் பை மட்டும் நிறைந்திருக்கிறது என்றால் அதற்கு ஊட்டு நின்றுவிட்டது என்று பொருள். அலகிலோ விரலிலோ தலையிலோ கடித்த காயம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே எடுங்கள். கடித்த பெற்றோர் மறுபடியும் கடிக்கும்.

கடைக்குட்டிகள்தான் அதிகம் ஒதுங்குகின்றன. பட்ஜி (சிறிய வளர்ப்புக் கிளி) ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாத்தால் ஆறாவது குஞ்சு மூத்ததைவிடப் பத்து நாள் சின்னது. மூத்தவை தலையைத் தூக்கிக் கேட்கும் உயரத்துக்கு அது எட்டாது. இப்படிப்பட்ட குஞ்சை முழுவதுமாக எடுத்துவிடாமல், பெட்டியிலேயே வைத்து நாளுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் கையால் ஊட்டிப் பார்க்கலாம். இதைவிட நல்லது, ஏறக்குறைய அதே வயதுக் குஞ்சுகள் உள்ள வேறு ஜோடியிடம் சேர்ப்பது. என் கருத்தில் கையால் வளர்ப்பது கடைசி வழி. சிலர் கிளி நன்றாகப் பழகட்டும் என்று முதல் வழியாக எடுக்கிறார்கள். இரவு ஊட்டும் கணக்கு தெரிந்தபின் பலரின் மனம் மாறிவிடும்.

பெற்றோர் ஒரு குஞ்சைத் தள்ளிவைக்க அந்தக் குஞ்சின் நோயே காரணமாக இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். அப்படிப்பட்டதை ஆரோக்கியமான மற்றக் குஞ்சுகளோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது.

குஞ்சு சில்லிட்டு, அசைவு குறைந்து கிடக்கிறது

எதையும் ஊட்டாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். குளிர்ந்த குஞ்சால் விழுங்க முடியாது. ஊட்டியது நுரையீரலுக்குப் போகும்.

முதலில் உள்ளங்கைகளுக்குள் பொத்தி வையுங்கள். அதற்குள் ப்ரூடர் (குஞ்சுக்கான சூட்டுப் பெட்டி) தயாராகட்டும். முறையான ப்ரூடர் இல்லையென்றால் காற்றுத் துளைகள் போட்ட பெட்டியின் அடியில் பாதிப் பகுதிக்கு மட்டும் ஹீட்டிங் பேட் வைக்கலாம். பாதி என்பது முக்கியம், சூடு அதிகமானால் குஞ்சு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். மின்சாரம் போனால் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். சூடான பரப்பில் தோல் நேராகப் படக்கூடாது. அவசரப்பட்டு அதிகச் சூடு காட்டவும் வேண்டாம். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மெல்ல ஏறினால் போதும்.

ப்ரூடருக்குள் பொரித்த முதல் ஐந்து நாள் 35 முதல் 36.5 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதன்பின் சில நாளுக்கு ஒருமுறை ஒரு டிகிரி வீதம் குறைத்து, முள்ளிறகு (உறை விரியாத இளம் இறகு) வரும்போது 30 டிகிரி அளவுக்கும், உடல் முழுக்க இறகு மூடியபின் 25 டிகிரி அளவுக்கும் வரலாம். தெர்மாமீட்டரைக் குஞ்சு படுத்திருக்கும் மட்டத்தில் வையுங்கள். மூடியில் ஒட்டிய தெர்மாமீட்டர் மூடியின் சூட்டைத்தான் சொல்லும். தனியாக இருக்கும் குஞ்சுக்குக் கூட்டமாக இருப்பவற்றைவிடச் சற்று அதிகம் தேவைப்படும். ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருக்கட்டும். வலைமூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும்.

தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிடக் குஞ்சே நன்றாகச் சொல்லும். ஒன்றோடொன்று இறுக்கமாகக் குவிந்து, வெளிறி, மந்தமாக இருந்தால் குளிர். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடலிலிருந்து தள்ளி, தோல் சிவந்து ஆளுக்கொரு மூலையாகக் கிடந்தால் சூடு அதிகம். தளர்வாகச் சாய்ந்து தூங்கினால் சரியாக இருக்கிறது.

சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் வாய் திறக்கவில்லை

தோலைப் பாருங்கள். நீர்ச்சத்துள்ள குஞ்சின் தோல் இளஞ்சிவப்பாக, மெத்தென்று இருக்கும். நீர் வற்றியதன் தோல் கருஞ்சிவப்பாகி, காய்ந்து, விரலில் ஒட்டும். மெல்லக் கிள்ளினால் மடிப்பு உடனே படியாது. இதற்கு முதல் ஊட்டாக மாவு கொடுக்காமல், கொதித்து ஆறிய நீரில் கரைத்த எலெக்ட்ரோலைட்டை வெதுவெதுப்பாகச் சில சொட்டுகள் கொடுத்து, அது செரித்தபின் மிக நீர்த்த மாவுக்குப் போங்கள்.

தோல் சரியாக இருந்தும் வாங்கவில்லையென்றால் பெரும்பாலும் உணவு ஆறிப்போயிருக்கும். 39 முதல் 41 டிகிரி இருக்க வேண்டும். 38-க்குக் கீழே போனால் பல குஞ்சுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உணவுக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் உட்கார வைத்துக்கொண்டே ஊட்டுங்கள். அலகின் இரு ஓரங்களிலும் உள்ள மெத்தென்ற பகுதியை விரல் நுனியால் லேசாகத் தொட்டால் தலையை மேலும் கீழும் ஆட்டிக் கேட்கும். அந்த ஆட்டம் வந்த நேரத்தில் மட்டும் ஊட்டுங்கள். ஆடும்போதுதான் மூச்சுக்குழல் மூடியிருக்கும்.

நான்கு வாரம் வரை பெற்றோரிடம் வளர்ந்துவிட்டு இப்போது கைக்கு வந்த குஞ்சு பயத்தில் சீறும், பின்னால் நகரும். அதற்கு நோயில்லை. ஒரு வேளை பசிக்க விடுங்கள். ஓரங்கள் மடித்த கரண்டியை வைத்து ஆரம்பித்தால் சிரிஞ்சைவிடச் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும்.

தீனிப்பை காலியாகவில்லை

கையால் வளர்ப்பவர்கள் அதிகம் சந்திக்கும் தொல்லை இது. அதிகக் குஞ்சுகள் போவதும் இதில்தான், எனவே கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே உள்ள பைதான் தீனிப்பை. ஊட்டியபின் நிறைந்து, மெத்தென்று அமுங்க வேண்டும். பலூனாகத் தோல் விறைக்கக் கூடாது. அளவுக்குக் குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்: 50 கிராம் குஞ்சுக்கு 5 மில்லி. முதல் சில நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் சேர்த்து. ஒரு வாரம் ஆனபின் மூன்று மணி, முள்ளிறகு வந்தபின் நான்கைந்து மணி. கடிகாரத்தைவிடப் பையைப் பார்த்து ஊட்டுவதே சரி: ஏறக்குறையக் காலியானபின் அடுத்தது. முதல் வாரம் தாண்டியதிலிருந்து நாளுக்கு ஒருமுறை, பெரும்பாலும் விடியற்காலையில், பை முழுவதும் வெறுமையாக வேண்டும். நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையதை ஊற்றிக்கொண்டே போவதுதான் புளிப்புக்கு வழி.

பை இறங்கவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

ப்ரூடர் சூடு. பாதி நேரம் இங்கேயே விடை கிடைத்துவிடும். இரவில் அறை குளிர்ந்திருக்கும், அல்லது வயதைப் பார்த்து அவசரமாகச் சூட்டைக் குறைத்திருப்பீர்கள். ஒரு டிகிரி ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

உணவின் பதம். முதல் இரண்டு நாள் சிரிஞ்ச் முனையிலிருந்து தானாகச் சொட்டும் அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும். பிறகு மாவுப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குப் படிப்படியாகக் கெட்டியாக்கலாம். விரலால் தொட்டால் பைக்குள் அடியில் கட்டியாகவும் மேலே தண்ணீராகவும் பிரிந்து தெரிகிறதா? வெதுவெதுப்பான நீர் கொஞ்சம் கொடுத்து, பையை விரல் நுனியால் வட்டமாக, மிக மெல்லத் தடவுங்கள். கட்டி கரைந்து இறங்கத் தொடங்கும். அடுத்த வேளை வழக்கத்தைவிட நீர்த்துக் கொடுங்கள்.

உள்ளே வேறு ஏதாவது. மரத்தூள், நூல், துணி இழை எல்லாவற்றையும் குஞ்சு கொத்தும். படுக்கைக்கு வெறும் பேப்பர் டவல் போதும். தேவதாரு மரத்தூள் வேண்டவே வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் மூச்சுக்குக் கெடுதல்.

பையின் வடிவம். பலநாள் அளவுக்கு மீறி ஊட்டிய குஞ்சின் பை தளர்ந்து தொங்கும். அடியில் உள்ள உணவு மேலேறிப் போக முடியாமல் தங்கும். ஊட்டும் அளவைக் குறைத்து, வேளையைக் கூட்டுங்கள். தொங்கும் பைக்கு மிருதுவான துணியால் தாங்கு கட்டுவதுண்டு. அதை மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இறங்கவில்லை, வாயில் புளித்த நாற்றம் வருகிறது, உள்வாயில் வெள்ளைப் படிவு தெரிகிறது, குஞ்சு கக்குகிறது என்றால் பூஞ்சையோ பாக்டீரியாவோ பெருகிவிட்டது. பறவை மருத்துவரிடம் அன்றே போங்கள். மீதமிருக்கும் ஆன்டிபயாடிக்கை ஊகித்துக் கொடுப்பது ஆபத்து. காரணம் பூஞ்சையாக இருந்தால் அது இன்னும் பெருகும். வினிகர், சமையல் சோடா என்று பலரும் சொல்வார்கள். முற்றிப்போன புளிப்பை அவை தீர்த்து நான் பார்த்ததில்லை, போவதோ நேரம்தான். குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துப் பையைப் பிதுக்கி வெளியேற்றுவது எந்த நிலையிலும் கூடாது. வெளியே வருவதில் பாதி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மருத்துவர் குழாய் விட்டு உறிஞ்சிக் கழுவுவார்.

மேலே சொன்னது எதுவும் இல்லாவிட்டாலும், 24 மணி நேரத்தில் ஒருமுறைகூடப் பை காலியாகவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தின் எல்லை முடிந்தது.

மூக்கில் உணவு வருகிறது, மூச்சில் ‘டிக் டிக்’ என்று சத்தம்

மூக்குத் துளையில் ஒரு சொட்டு தெரிந்து, தும்மி, உடனே இயல்பாகிவிட்டால் பஞ்சு நுனியால் துடைத்துவிடுங்கள். இருமல், வாய் திறந்த மூச்சு, குமிழி என்று வந்தால் ஊட்டுவதை அந்தக் கணமே நிறுத்தி, குஞ்சின் தலை சற்றுத் தாழ்ந்திருக்குமாறு கையில் வைத்து, அதுவே இருமித் தெளிய விடுங்கள். மறுபடி ஊட்டித் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்த இரண்டு மூன்று நாள் மூச்சைக் கவனியுங்கள். மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, டிக் டிக் சத்தம் நிற்காமல் இருப்பது, எடை இறங்குவது இவை நுரையீரலில் அழற்சி தொடங்கியதைக் காட்டும். மருத்துவரைத் தள்ளிப்போட முடியாத நிலை அது.

திரும்ப நேராமல் இருக்க, சிரிஞ்சைக் குஞ்சின் இடப்பக்க வாய் ஓரத்திலிருந்து நுழைத்து வலப்பக்கப் பின்புறம் நோக்கி வையுங்கள். கிளிகளுக்கு உணவுக்குழல் கழுத்தின் வலப்பக்கமாக இறங்குகிறது. மூச்சுத் துளை நாக்குக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது. நேராக நடுவில் பீச்சினால் துளைக்கே போகும். தலையாட்டம் நின்றால் கையும் நிற்க வேண்டும். கெட்டியான உணவு சிரிஞ்சில் அடைத்து, அழுத்தும்போது சட்டென்று மொத்தமாகப் பாய்வதும் ஒரு காரணம், ஆகவே கட்டியில்லாமல் கலக்குங்கள்.

தீனிப்பையின் மேல் தோல் சிவந்திருக்கிறது, அல்லது பொருக்குத் தட்டியிருக்கிறது

உணவு சுட்டிருக்கிறது. மைக்ரோவேவில் சூடாக்கினால் நடுவில் ஓரிடம் மட்டும் கொதிநிலையில் இருக்கும், விரலுக்குத் தெரியாது. நன்றாகக் கலக்கி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, 42-ஐத் தாண்டியதைக் கொடுக்காமல் ஆற விடுங்கள். மணிக்கட்டில் சொட்டிப் பார்ப்பதை நம்ப வேண்டாம்.

இந்தத் தீப்புண் உடனே வெளியே தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். சில நாள் கழித்துத் தோல் சிவக்கும், கொப்பளிக்கும், கறுத்துப் பொருக்காகும். பொருக்கு விழுந்தால் ஓட்டை வழியே ஊட்டியது மார்பில் ஒழுகும். பொருக்கை உரிக்காதீர்கள். சிறிய அளவுகளில் அடிக்கடி ஊட்டிக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்; செத்த தசையின் எல்லை தெளிவாகும்வரை காத்திருந்துதான் தையல் போடுவார்கள்.

பையில் காற்று, அல்லது தோலடியில் காற்று

பைக்குள் காற்றுக் குமிழ் இருந்தால் குஞ்சு அவசரமாக விழுங்கியிருக்கிறது, அல்லது சிரிஞ்சில் காற்று இருந்தது. ஊட்டும் முன் சிரிஞ்சின் காற்றை வெளியேற்றுங்கள். பை ஏறக்குறைய வெறுமையாக இருக்கும்போது விரலால் மெல்ல மேல்நோக்கித் தடவினால் ஏப்பமாக வரும். ஆனால் கழுத்து, முதுகு, பக்கவாட்டுத் தோல் காற்றடைத்து உப்பியிருந்தால் அது காற்றுப்பை (பறவையின் நுரையீரலோடு இணைந்த பை) கிழிந்ததன் அடையாளம். ஊசியால் குத்திப் பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எடை ஏறவில்லை

தினமும் காலையில், பை வெறுமையாக, முதல் ஊட்டுக்கு முன் எடை போட்டு எழுதுங்கள். தானாகத் தின்னத் தொடங்கும் காலம்வரை தினமும் கொஞ்சமாவது ஏற வேண்டும். ஒருநாள் நின்றால் கவனம்; இறங்கினால் காரணம் தேடுங்கள். மாவு நீர்த்துக்கொண்டே இருக்கிறதா, வேளை தவறுகிறதா, சூட்டுக்கே சத்து செலவாகிறதா?

தராசு இல்லாமல் தெரிந்துகொள்ளவும் வழியுண்டு. உடலுக்குப் பொருந்தாத பெரிய தலை, எலும்பாகத் தெரியும் விரல்களும் சிறகும், தலையில் சுழியாக முளைக்கும் இறகு, தாமதமாகத் திறக்கும் கண் இவை குஞ்சு வளர்ச்சி குன்றுவதைக் காட்டும். பட்ஜிக்கு ஒரு வாரத்தை ஒட்டியும், கொண்டையுள்ள காக்டீல் கிளிக்கு ஒன்பது பத்து நாளிலும் கண் திறக்கும். பெரிய சாம்பல் கிளியான ஆப்பிரிக்கன் கிரேக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கால்கள் பக்கவாட்டில் விரிகின்றன

வழுக்கும் தரைதான் வழக்கமான காரணம். வெறும் பிளாஸ்டிக் டப்பாவில் குஞ்சை வைக்காதீர்கள். எலும்பு இளசாக இருக்கும் முதல் இரண்டு வாரங்களில் கண்டுபிடித்தால், பேப்பர் டவலை உருட்டி அண்டை கொடுத்த குறுகிய கிண்ணத்தில் கால் அடிவயிற்றுக்குக் கீழே வருமாறு உட்கார வைப்பதே பலவற்றுக்குப் போதும். அதற்கு மேல் என்றால் இரு கால்களையும் மெத்தையிட்ட பட்டியால் இணைக்க வேண்டும். அதை மருத்துவர் செய்யட்டும், இறுக்கம் தவறினால் பாதத்துக்கு இரத்தம் போகாது.

விரலைச் சுற்றி வளையமாக ஒரு கோடு விழுந்து நுனி வீங்கினாலும் அதே அவசரம். மேல் அலகு ஒரு பக்கம் சாய்ந்தால், தினமும் ஒரே பக்கமாகச் சிரிஞ்ச் அழுத்துகிறதா என்று பாருங்கள். அலகில் முனை படாமல் ஊட்டுங்கள், ஒவ்வொரு முறையும் ஒட்டிய உணவைத் துடைத்துவிடுங்கள்.

நன்றாக இருந்தது, பை நிறைந்தபடியே திடீரென இறந்தது

ஒன்று போய், அடுத்ததும் அப்படியே போனால், வயிறு உப்பலோ தோலடியில் இரத்தக் கசிவோ தெரிந்தால் பாலியோமா வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். பட்ஜிக் குஞ்சுகளை அது வாரிக்கொண்டு போகும். புதிய குஞ்சுகளைச் சேர்க்காதீர்கள், வெளியே கொடுக்கவும் வேண்டாம். இறந்த உடலை உறையவைக்காமல் குளிர்பதனத்தில் வைத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால் விடை தெரியும். எதுவும் இல்லாத நாளிலும் ஒரு சிரிஞ்சை இரண்டு குஞ்சுக்குப் போடாமல், ஒரு வேளை மிஞ்சிய உணவை அடுத்த வேளைக்கு வைக்காமல் இருப்பது இதற்காகத்தான்.

பெரிதாகிவிட்டது, ஊட்டினால் துப்புகிறது. அல்லது நிறுத்தவே விடாமல் கத்துகிறது

துப்புவது நல்ல செய்தி. பறக்கத் துடிக்கும் குஞ்சு ஊட்டைத் தள்ளிவிட்டுச் சிறகடிக்கும். பத்திலிருந்து பதினைந்து சதவீதம்வரை எடை குறைவதும் இந்த நாட்களில் இயல்பு. பகல் வேளைகளை முதலில் நிறுத்தி, தட்டில் ஊறவைத்த தானியம், நறுக்கிய காய், சிறிய பெல்லட் (உருண்டைத் தீவனம்) வைத்துவிடுங்கள். முதலில் சிதறும், மிதிக்கும், பிறகுதான் தின்னும். இரவு ஊட்டைக் கடைசியாக நிறுத்துங்கள்.

பட்ஜி ஐந்தாறு வாரத்திலும் காக்டீல் எட்டு வாரத்தை ஒட்டியும் தானாகத் தின்னும். ஆப்பிரிக்கன் கிரேக்கு மூன்று நான்கு மாதம், பெரிய மக்காவ்களுக்கு அதைவிடவும் ஆகலாம். இந்தக் கணக்கைக் காட்டிக் குஞ்சைப் பட்டினி போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கி நாள் முழுக்கக் கெஞ்சும் குஞ்சு உண்மையில் பசியாக இருக்கிறது. ஒரு வேளை ஊட்டை மறுபடி சேர்த்துக் கொடுங்கள். தின்னப் பழகியபின் இடம் மாறினாலும் சில குஞ்சுகள் ஊட்டுக் கேட்கும். இரண்டு மூன்று நாள் மாலையில் ஊட்டிவிட்டால் அதுவே விட்டுவிடும். தட்டில் கொத்துவதைப் பார்த்து நம்பிவிட வேண்டாம், உமியை மட்டும் உரித்துப் போட்டிருக்கும். படுக்கப் போகும் நேரத்தில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள், கையால் ஊட்டுவதை நிறுத்தியபின்னும் இரண்டு வாரம் காலை எடையை எழுதிக்கொண்டிருங்கள்.